கடைசியாக நன்றாக இருந்த நேரம்

பென்னலூரில் நான் குடியிருக்கும் வரிசையில் நான்கு அறைகள். நான்கிலும் ஷிப்டுக்குப் போகிறவர்கள். இரவு வேலை முடித்து வந்து படுப்பவர் கதவுக் கொண்டியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டால், அந்தக் கதவை யாரும் தட்டுவதில்லை. பக்கத்து அறையில் மிக்ஸி ஓடாது. டிவி சத்தம் குறையும். கேஸ் சிலிண்டர் வந்ததைச் சொல்ல வரும் வீட்டுக்காரம்மாகூடத் துண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். இந்தப் பழக்கத்தை யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. நான் குடிவந்தபோதே இருந்தது. எனக்குப் பிடித்தும் இருந்தது. மனிதர்கள் ஒருவருக்கொருவர் காட்டக்கூடிய மரியாதைகளில், பேச்சே தேவைப்படாத ஒன்று அது.

எனக்கு வயது ஐம்பத்தொன்று. ஒரகடத்தில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. வந்த பாகத்தை அளந்து, அளவுக்குள் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். திருமணம் ஆகவில்லை. கோவில்பட்டியில் ஒரு தங்கை இருக்கிறாள். இரவு ஷிப்ட் வாரங்களில், காலையில் கம்பெனி பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநரிடம் "வர்றேன்" என்பேன். மறுபடி மாலையில் ஏறும்போது "வணக்கம்" என்பேன். பல நாட்கள் இந்த இரண்டுக்கும் இடையில் நான் பேசியது எதுவும் இருக்காது. பேச வேண்டிய தேவையும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றும் அப்படித்தான் இறங்கி வந்து, சாப்பிட்டு, துண்டைத் தொங்கவிட்டுவிட்டுப் படுத்தேன். மதியம் தாகம் எடுத்து விழித்தேன். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மேல்தொட்டி காலி. எங்கள் வரிசையில் எல்லோரும் செய்வதுபோல் குழாயைத் திறந்தபடியே விட்டு, அடியில் குடத்தை வைத்துவிட்டு மறுபடி படுத்தேன். வீட்டுக்காரம்மா மோட்டார் போட்டதும் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும், எழுந்துபோய் மூடிவிடலாம். சுவர்க் கடிகாரத்தில் ஒன்றேகால். அப்போது என் கைகால் நன்றாக இருந்தது. வாயும் நன்றாக இருந்தது. அதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், படுக்கும்போது "அப்பாடா" என்று சொன்னேன். தெளிவாக வந்தது. கேட்டவர் யாரும் இல்லை.

சிறிது நேரத்தில் குடத்தில் தண்ணீர் விழத் தொடங்கியது. எழுந்து போனேன். குழாயை மூட வலது கையை நீட்டினேன். கை போனது, ஆனால் விரல்கள் பிடிக்கவில்லை. குழாயின்மீது கை சும்மா கிடந்தது, வேறு யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல. அதை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது கால் மடங்கியது. குடத்தோடு விழுந்தேன். குடம் உருண்டுபோய்ச் சுவரில் மோதியது.

அந்தச் சுவருக்கு அப்புறம் இருப்பவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் கதவு திறப்பதும், செருப்புச் சத்தம் என் வாசல்வரை வருவதும் கேட்டது. கூப்பிட்டேன். கூப்பிட்டதாகத்தான் நினைத்தேன். மூச்சுதான் வெளியே போயிருக்கிறது. செருப்புச் சத்தம் வாசலில் ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பிப் போனது. என் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் கதவில் துண்டு இருந்து, உள்ளே ஏதோ விழும் சத்தம் கேட்டிருந்தால், நானும் அதையேதான் செய்திருப்பேன்.

நான் தரையில் கிடந்தேன். வலி இல்லை. வலி இருந்தால் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருக்கும். தண்ணீர் என் முதுகுக்கு அடியில் போய், கதவிடுக்கு வழியாக வெளியேறியது. கடைசியில் என்னைக் காட்டிக்கொடுத்தது அந்தத் தண்ணீர்தான்.

"யாருபா அது, தண்ணிய இப்டி தொறந்து வுட்டுட்டு தூங்குறது?" என்று வெளியே வீட்டுக்காரம்மாவின் குரல். "இப்பதான் டேங்கு ரொப்புனேன். அதுக்குள்ள வாசலெல்லாம் ஆறா ஓடுது!"

பக்கத்து அறைக்காரர், "யக்கா, துண்டு கீது பாரு. சாரு நைட் ஷிப்டு" என்றார்.

"துண்டு கீதுன்னா? தூக்கம் அவருது, தண்ணி என்னுது. நீ தள்ளு."

உள்தாழ்ப்பாள் போடும் பழக்கம் எனக்கு இல்லை. கதவு திறந்தது. வீட்டுக்காரம்மா முதலில் குழாயை மூடினார். அதன் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"சார்? இன்னா சார், தண்ணில படுத்துகினு கீற? ஐய, வாயி கோணிகினு கீது பாரு. குடிச்சிட்டாரா இன்னா?"

"சாரா? டீயே அரை கிளாஸ்தான் குடிப்பாரு. மோந்து பாரு, சோப்பு வாடைதான் வரும். என் மாமனாருக்கு இப்டித்தான் ஆச்சிக்கா. ஆம்புலன்சுக்கு போன் போடு."

வீட்டுக்காரம்மா ஒரு டம்ளர் தண்ணீரை என் வாயருகே கொண்டுவந்தார். பக்கத்து அறைக்காரர் அதைத் தட்டிவிட்டார். "ஊத்தாதக்கா. புரை ஏறும்." மாமனாரிடம் கற்றதாக இருக்கும்.

ஆம்புலன்சில் இருவருமே ஏறிக்கொண்டார்கள். அது ஷிப்ட் மாறும் நேரம். நெடுஞ்சாலையில் கம்பெனி பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சைரன் கேட்டு அவை மெதுவாக ஒதுங்குவதைப் படுத்தபடியே பார்த்தேன். அதில் எது என் பேருந்து என்று தேடினேன். எதற்கென்று தெரியவில்லை.

மருத்துவமனையில் என்னைப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். கண்ணாடி போட்டவர், வேகமாகப் பேசுகிறவர். என் கையைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், ஒரு பேனாவைக் காட்டி இது என்ன என்று கேட்டார். பேனா என்பது எனக்குத் தெரியும். அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. "ட்டா" என்றேன்.

அவர் திரும்பி, "பேஷண்ட் கூட வந்த அட்டெண்டர் யாரு?" என்றார்.

"நான்தாங்க."

"என்ன உறவு?"

"பக்கத்து ரூமுங்க."

"கடைசியா இவர் நல்லா இருந்ததை எப்ப பார்த்தீங்க?"

பக்கத்து அறைக்காரர் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார்.

டாக்டர் விளக்கினார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஏதோ ஒன்றில் ரத்தக்கட்டி அடைத்திருந்தால், அதைக் கரைக்க ஊசி இருக்கிறது. ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கப்புறம் போட்டால், மூளையில் செத்துப்போன இடத்தில் ரத்தம் கசியும் ஆபத்து கூடுதல். எப்போது ஆரம்பித்தது என்று தெரியாவிட்டால், கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்துதான் கணக்கு. ஊசி போட்டால் கையும் பேச்சும் திரும்ப வாய்ப்பு அதிகம். போடாவிட்டால் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது.

நான் நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்தவர் பேருந்து ஓட்டுநர். காலையில். அந்தக் கணக்குப்படி என் நேரம் எப்போதோ முடிந்துவிட்டது.

வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. "டாக்டரம்மா, குழா தொறந்து கெடந்துச்சி. நான் மோட்டார் போட்டது ஒன்றரை மணிக்கி. அதுக்கு அப்பாலதான தொறந்திருப்பாரு? அப்ப நல்லாத்தான் இருந்திருக்காரு."

"நீ வேற யக்கா," என்றார் பக்கத்து அறைக்காரர். "நீ மோட்டார் போட்டாதான குழாவுல தண்ணி? காலைலயே தொறந்து வுட்டுட்டு படுத்திருப்பாரு. நாங்கல்லாம் அப்டித்தான் செய்றோம்."

"அப்டியா செய்றீங்க? அதான் கரண்டு பில்லு அப்டி வருதா?" என்றவர் திடீரென்று வாயில் கைவைத்தார். "ஐயோ, மோட்டார ஆப் பண்ணனா இல்லையா, தெரியலயே."

அவர் வீட்டுக்குப் போன் போட வெளியே ஓடினார். பக்கத்து அறைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு டாக்டரிடம் சொன்னார்: "மேடம், குடம் வியிந்த சத்தம் எனக்கு கேட்டுச்சி. போய் பாத்தேன். துண்டு தொங்கிச்சி, வந்துட்டேன். சாப்ட்டுட்டு போன் பாத்துகினு இருந்தேன். ஒன்றரையோ, ரெண்டோ."

"குடம் விழுந்தப்பதான் அவரும் விழுந்தாரா, இல்ல முன்னாடியே விழுந்து கெடந்தவர் அதைத் தள்ளிவிட்டாரா? அவரைப் பார்த்தீங்களா?"

"பாக்கல மேடம்."

அவர் சொன்னது உண்மை. ஆனால் ஆதாரம் இல்லை. டாக்டரின் இடத்தில் நான் இருந்தாலும் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டேன்.

எனக்கோ விடை தெரியும். நான் விழுந்தது மோட்டார் போட்ட பிறகு. இடது கையைத் தூக்கினேன். ஒரு மணி என்று ஒரு விரலைக் காட்ட நினைத்தேன். மூன்று விரல்கள் எழுந்தன. அவற்றை மடக்கி மறுபடி முயன்றேன். நான்கு.

"மூணு மணிக்கா?" என்றார் டாக்டர். தலையாட்டினேன். "காலைலயா?" தலையாட்டினேன். இல்லை என்று ஆட்டத்தான் நினைத்தேன். "இப்ப மழை பெய்யுதா?" என்றார். அதற்கும் தலை ஆமாம் என்று ஆடியது. வெளியே நல்ல வெயில்.

"இவர் எல்லாத்துக்கும் ஆமாங்கறார். இதை எடுத்துக்க முடியாது," என்று நர்சிடம் சொன்னார்.

எதை வைத்தாலும் ஒரே அளவு காட்டும் கருவிக்கு நாங்கள் சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைத்துவிடுவோம். இருபத்தைந்து வருடமாக அதைச் செய்கிறேன். அந்தக் கருவிக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று யோசித்ததே இல்லை.

என் கைபேசியில் இருந்த எண்ணைக் கண்டுபிடித்துத் தங்கைக்குப் போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் அவள் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது.

"உங்க அண்ணன்கிட்ட கடைசியா எப்பம்மா பேசினீங்க?"

"தீவாளிக்குப் பேசுனேன்மா."

"இல்லம்மா, இன்னைக்குப் பேசினீங்களான்னு கேக்கறேன்."

"இன்னைக்கா? அண்ணன் அப்படில்லாம் பேசாதும்மா." பிறகு பெரிய குரலில், எனக்குக் காது கேட்காமல் போய்விட்டதுபோல, "ஏ அண்ணே! நாங்க இப்பமே கெளம்புதோம். பயப்படாத, என்னா?" என்றாள்.

பதில் சொல்ல வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. என்ன பதில் என்றுகூட இல்லை. "ம்" என்றால் போதும். தீபாவளிக்குப் பேசியபோது நான் சொன்னதெல்லாம் ஏறக்குறைய அவ்வளவுதான். அப்போது அது கைவசம் நிறைய இருந்தது.

முதலில் சி.டி. ஸ்கேன். அது சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. வெளியே தள்ளிக்கொண்டு வந்ததும் பக்கத்து அறைக்காரர் என் காதருகே குனிந்து மகிழ்ச்சியாகச் சொன்னார்: "சார், படத்துல ஒண்ணுமே இல்லியாம். நல்லாகீதாம். கெளம்பிடலாம் சார்."

அது டாக்டர் காதில் விழுந்துவிட்டது. "ஒண்ணுமில்லன்னா ரத்தக் கசிவு இல்லன்னு அர்த்தம். அடைப்பு இருந்தா சி.டி.ல ஆரம்பத்துல தெரியாது. ரொம்ப நேரம் ஆனாத்தான் தெரியும். சும்மா ஆசை காட்டாதீங்க."

"ஓ," என்றார் அவர். "அப்ப ஒண்ணும் தெரியாததே நல்லதா, கெட்டதா மேடம்?"

"இப்போதைக்கு நல்லது."

டாக்டர் தன் மூத்த டாக்டருடன் போனில் பேசினார். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. அதற்குமுன் அங்கே இருந்த டெக்னீஷியன் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் கம்பி, தகடு உண்டா. பிறகு, "எந்த கம்பெனி? கிரைண்டிங் வேலை செஞ்சிருக்காரா? கண்ணுல இரும்புத்தூள் எப்பவாவது பட்டிருக்கா?" என்றார். எங்கள் பக்கத்து ஆட்களிடம் கட்டாயம் கேட்கிற கேள்வி அது. கண்ணுக்குள் தூள் தங்கியிருந்தால் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் அதை இழுக்கும். கண் போய்விடும்.

"இப்ப செக்கிங்ல கீறாரு. முன்னாடி இன்னா செஞ்சாரோ," என்றார் பக்கத்து அறைக்காரர். "ஆறு வருசமா பக்கத்துலதான் கீறேன். அது கேட்டதில்ல சார்."

எனக்கு இருபத்துமூன்று வயதில், அம்பத்தூரில் ஒரு பட்டறையில், வலது கண்ணில் தூள் பட்டது. மறுநாளே டாக்டர் எடுத்துவிட்டார். முழுவதும் எடுத்தாகிவிட்டது. இதை அறிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். இதோ படுத்திருக்கிறேன்.

டெக்னீஷியன் சற்று முன் எடுத்த சி.டி. படத்தையே மறுபடி திறந்து, கண் வரும் இடங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். "உலோகம் எதுவும் இல்ல. போகலாம்," என்றார்.

உள்ளே தள்ளுவதற்குமுன் என் இடது கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். பயமாக இருந்தால் அழுத்தச் சொன்னார்கள். காதுகளை மூடினார்கள். முகத்துக்கு மேலே ஒரு கூண்டை மாட்டினார்கள். பிறகு நான் அந்தக் குழலுக்குள் போனேன். தட்டுவதுபோல் ஒரு சத்தம் தொடங்கியது, நின்றது, வேறு தாளத்தில் தொடங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நேரம் தெரியாமல் நான் இருந்தது என் நினைவில் அதுவே முதல் முறை. பந்தை அழுத்தினால் யாராவது வருவார்கள். அது தெரிந்திருந்ததால் அழுத்தாமல் இருக்க முடிந்தது.

வெளியே வந்தபோது டாக்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்தது. அட்டெண்டர் என்ற பதவியில் பக்கத்து அறைக்காரரும் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணுல வெள்ளையா கீது, இன்னொண்ணுல அந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. மிஷினு கோளாறா?"

டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். "இல்ல. இதுதான் எனக்கு வேணும். ரெண்டும் ஒரே மூளைதான், எடுத்த விதம் வேற. இந்தப் படத்துல அடைப்பு வந்த கொஞ்ச நேரத்துலயே வெள்ளை தெரிஞ்சிடும். அந்தப் படத்துல தெரிய பல மணி நேரம் ஆகும். இதுல இருக்கு, அதுல இன்னும் வரல. அப்படின்னா?"

"அப்டின்னா... இப்பதான் ஆச்சின்னு அர்த்தம்."

"அதேதான். நேரம் இருக்கு."

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த எனக்குக் கண்ணில் நீர் வந்தது. ஊசி கிடைக்கப்போகிறது என்பதற்காக மட்டும் இல்லை. ஒன்றேகால் மணிக்கு நான் நன்றாக இருந்தேன் என்பதை ஒருவர் நம்பிவிட்டார். பார்த்தவர் இல்லை, கேட்டவர் இல்லை, என் வாயும் விரலும் தலையும் சேர்ந்து பொய் சொல்லியாகிவிட்டது. மூளையில் அடிபட்ட அந்த இடமே கடைசியில் உண்மையைச் சொன்னது.

தங்கை போனில் சம்மதம் கொடுத்தாள். சிலருக்கு ரத்தம் கசியலாம் என்று டாக்டர் சொன்னபோது, "போடுங்கம்மா, அண்ணனுக்குன்னு அங்ஙன யாருமில்ல, கைகால் வேணும்லா" என்றாள். ஊசி கையில் ஏறியது. மோட்டார் அணைக்கப்பட்டிருந்த செய்தியோடு வீட்டுக்காரம்மா திரும்பி வந்து, என் கால்மாட்டில் சிறிது நேரம் நின்றார். பிறகு இருவரும் போனார்கள். பக்கத்து அறைக்காரருக்கு அன்றைக்கு நைட் ஷிப்ட். பகலில் தூங்கவே இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் என்னைச் சுற்றித் திரை. மாலையில் வலது கட்டைவிரல் அசைந்தது. நர்ஸ் பார்க்கவில்லை. அவர் திரும்பும்வரை காத்திருந்து மறுபடி அசைத்துக் காட்டினேன். காலையில் கையைப் பாதி தூக்க முடிந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. பேனா, கடிகாரம், சாவி என்று காட்டினார்கள். மூன்றுக்கும் "ட்டா". கை திரும்பி, வாய் திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். வேலையில் அதிகம் பேச வேண்டியதில்லை. அறையில் பேசவே வேண்டியதில்லை. எனக்குப் பெரிய இழப்பு இருக்காது என்றுதான் கணக்கு வந்தது. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

ஊசி போட்ட மறுநாள் கசிவு இருக்கிறதா என்று இன்னொரு சி.டி. எடுப்பது முறை. இரவில் இடம் கிடைக்காமல் காலையில் தங்கை ஏறிய பேருந்து இன்னும் வழியில்தான் இருந்தது. ஒரு ஊழியர் என்னைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பலகையில் படுக்கவைத்தார். வேறு டெக்னீஷியன். கண்ணாடிக்கு அப்பால் இருந்தார், முகம் தெரியவில்லை. மேலே இருந்த ஸ்பீக்கரில் குரல் மட்டும் வந்தது.

"பேர் சொல்லுங்க."

ஊழியர் என் மணிக்கட்டுப் பட்டையைப் புரட்டிப் படிக்கப்போனார். "நீங்க சொல்லாதீங்கண்ணா, அவர் சொல்லட்டும்," என்றது குரல். என் நிலைமை அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. அல்லது எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பார்.

வாயைத் திறந்தேன். நாக்கு மேலே போனது. முதல் எழுத்து வரச் சிறிது நேரம் ஆனது. அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு மீதியும் வந்தது. குழறலாக, ஆனால் என் பெயர்தான் வந்தது. நான் எதிர்பார்க்காமல் இனிஷியலும் பின்னாலேயே வந்தது.

"சரி. தலையை ஆட்டாதீங்க," என்றார் அவர்.

ஊழியர் வெளியே போய்க் கனமான கதவைச் சாத்தினார். பலகை நகரத் தொடங்கியது. அறையில் நான் மட்டும்தான். தலையை ஆட்டாமல், இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன்.